பினாங்கில் கேமரா டிரோன்: பறக்கவிடவும் வேலை வாங்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

புது டிரோன் பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் படுவது எண்கள்தான். 34 நிமிடம் பறக்கும், வினாடிக்கு 16 மீட்டர் வேகம், 20 கிலோமீட்டர் வரை சிக்னல். இவை பொய்யில்லை. ஆனால் அந்த 34 நிமிடம், காற்றே இல்லாத சூழலில் பேட்டரி முழுதும் தீரும்வரை பறக்கவிட்டு அளந்தது. பினாங்குக் கடற்கரையில் அதே டிரோனிடம் 22 முதல் 25 நிமிடம்வரை எதிர்பார்க்கலாம். 20 கிலோமீட்டர் சிக்னலும் நமக்கு உதவாது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் பறக்கவிட வேண்டும் என்பது சட்டம். இவ்வளவு சிறிய டிரோன் 400 மீட்டருக்கு அப்பால் வெறும் புள்ளிதான்.

மேலே சொன்ன எண்கள் 2023 செப்டம்பரில் வந்த டிஜேஐ மினி 4 புரோவுடையவை. இந்த வழிகாட்டியில் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். எடை 249 கிராம். எல்லாத் திசையிலும் தடை உணரும் சென்சார், 48 மெகாபிக்சல் கேமரா, எஃப்/1.7 லென்ஸ். கேமரா நேர் கீழேயும் பார்க்கும், 60 பாகை மேல்நோக்கியும் நிமிரும். வேறு மாடல் வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

அனுமதி: பேட்டரி சார்ஜ் செய்வதற்கும் முன்னால்

"250 கிராமுக்குக் கீழ் என்றால் அனுமதி தேவையில்லை" என்று கடையிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது வேறு நாடுகளின் கணக்கு. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு பொது விமானப் போக்குவரத்து விதிமுறைகள் 20 கிலோவுக்கு உட்பட்ட டிரோன்களைச் 'சிறியவை' என்று ஒரே வகையில் வைக்கின்றன. கேமரா இருந்தால் இன்னும் சில கட்டுப்பாடுகள் சேரும். மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மின் ஒப்புதல் இல்லாமல் செய்யக்கூடாதவற்றில் முக்கியமானவை இவை:

- தரையிலிருந்து 400 அடிக்கு, அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல் பறப்பது. கட்டுப்பாட்டு வான்வெளியிலும் விமான நிலையப் பகுதியிலும் பறப்பது.
- குடியிருப்பு, கடை, தொழிற்சாலை, பொழுதுபோக்கு இடங்கள் உள்ள பகுதிக்கு மேலோ அதிலிருந்து 150 மீட்டருக்குள்ளோ பறப்பது.
- 1,000 பேருக்கு மேல் கூடியுள்ள கூட்டத்திற்கு மேலோ அதிலிருந்து 150 மீட்டருக்குள்ளோ பறப்பது.
- உங்கள் பொறுப்பில் இல்லாத வாகனம், படகு, கட்டடத்திற்கு 50 மீட்டருக்குள் நெருங்குவது. சம்பந்தமில்லாத மனிதர்களுக்கும் அதே 50 மீட்டர்தான். ஏற்றி இறக்கும்போது 30 மீட்டர்.

இதைப் பினாங்கு வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம். ஜார்ஜ்டவுனுக்கு நேர் எதிரே, கடலைத் தாண்டினால் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். நடுவில் கிடப்பதெல்லாம் வீடும் கடையும். ஆக, லிட்டல் இந்தியாவில் ஐந்து நிமிடப் படம் எடுப்பதற்கும் சிஏஏஎம் ஒப்புதல் வேண்டும். வானிலிருந்து படம் எடுப்பதற்கு ஜூபெம் எனப்படும் நில அளவை, வரைபடத் துறையின் அனுமதியும் தனியாக உண்டு. எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு உயரம், எந்த மாடல், சீரியல் எண் என்ன, நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே என்றெல்லாம் கேட்பார்கள். பல வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். விதிகள் திருத்தப்படுவதால் ஒவ்வொரு வேலைக்கும் முன் சிஏஏஎம் அகப்பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. டிரோன் செயலியின் வரைபடம் பச்சையாக இருந்தால் அது தயாரிப்பு நிறுவனத்தின் கணக்கு. அரசாங்க அனுமதி ஆகாது. வாங்கும்போது ரேடியோ கருவிக்கான சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு மேல் பறக்கவிடலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். கூட்டம் ஆயிரத்தை எப்போதோ தாண்டியிருக்கும். அந்த நாளில் மின்கம்பத்திலும் பந்தலிலும் கட்டிய தோரணக் கயிறுகளில் ஒன்று இறக்கையில் சிக்கினாலும் போதும், டிரோன் கீழே நிற்பவர் தலையில்தான் விழும். சிறப்பு ஒப்புதலும் போலீஸ் ஒத்துழைப்பும் கையில் இல்லாதவர் அன்று டிரோனை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

முந்தைய இரவு

மென்பொருளைப் புதுப்பிப்பது வீட்டு வைஃபையில் நடக்கட்டும். பேட்டரிக்கும் தனி மென்பொருள் உண்டு. மூன்று பேட்டரி இருந்தால் மூன்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் புதுப்பிக்க வேண்டும். இதை விட்டவர்கள்தான் மறுநாள் திடலில் நின்றுகொண்டு, இரண்டாவது பேட்டரியில் டிரோன் ஏன் கிளம்ப மறுக்கிறது என்று விழிப்பார்கள்.

மெமரி கார்டு வி30 வேகத் தரமாக இருக்கட்டும். 4கே காணொளி உச்சத் தரத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1.1 ஜிபி தின்னும். 64 ஜிபி கார்டில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக அடங்கும்.

இறக்கைகளை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, ஓரத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்த இறக்கை வேண்டாம். டிரோனின் ஒரு கையில் (மோட்டாரைத் தாங்கும் தண்டில்) உள்ள இரண்டு இறக்கைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய இறக்கையோடு வரும் புதிய திருகைத்தான் போட வேண்டும். பழைய திருகில் பிடிப்புப் பசை தேய்ந்திருக்கும், அதிர்வில் கழன்றுவிடும். குறியிட்ட இறக்கை குறியிட்ட கையில்தான் போகும். மாற்றிப் போட்டால் மேலே ஏறாமல் அங்கேயே கவிழும்.

கிளம்பும் இடத்தில்

ஏர்கோன் போட்ட காரிலிருந்து டிரோனை எடுத்தவுடன் லென்ஸில் பனி படியும். நம் ஊர் ஈரப்பதத்திற்கு இது தப்பாது. துடைத்தாலும் மறுபடி படியும், உள்ளே படிந்ததைத் துடைக்கவும் முடியாது. பையைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் நிழலில் வைத்து, வெளிவெப்பத்திற்குப் பழகவிடுங்கள். அதற்குள் சுற்றிலும் நடந்து மின்கம்பி, கொடிக்கம்பம், தென்னை, ஆண்டெனா எங்கெங்கே என்று பார்த்துவிடலாம்.

1. சமதளத்தில் வையுங்கள். கார் கூரை, இரும்புச் சாக்கடை மூடி, கம்பி போட்ட சிமெண்டுத் தளம் ஆகிய மூன்றும் திசைகாட்டியைக் குழப்பும். செயலி திசைகாட்டியைச் சரிசெய்யச் சொன்னால், அங்கேயே நின்று டிரோனைச் சுழற்றாமல் முதலில் பத்து மீட்டர் தள்ளிப் போங்கள். பாதி நேரம் அந்த எச்சரிக்கையே மறைந்துவிடும்.
2. கேமரா மூடியைக் கழற்றிவிட்டுப் பவர் போடுங்கள். மூடியோடு போட்டால் கேமராவைத் தாங்கும் கிம்பல் மோட்டார் முட்டி எச்சரிக்கை வரும். அடிக்கடி நடந்தால் மோட்டார் போய்விடும்.
3. முகப்பு இடம், அதாவது டிரோன் தானாகத் திரும்பி வர வேண்டிய இடம், பதிவாகிவிட்டது என்று செயலி குரலில் சொல்லும்வரை ஏற்றாதீர்கள். ஜார்ஜ்டவுன் லோரோங் போன்ற குறுகிய சந்துகளில் இரு பக்கச் சுவரிலும் சிக்னல் பட்டுத் திரும்புவதால், செயற்கைக்கோள் எண்ணிக்கை போதுமானதாகத் தெரிந்தாலும் இடம் பல மீட்டர் பிசகும். திறந்த இடம் தேடுங்கள்.
4. இரண்டு மீட்டர் உயரத்தில் அரை நிமிடம் நிறுத்தி, நான்கு திசையிலும் லேசாக அசைத்துப் பாருங்கள். வட்டமடித்து மிதந்தால் இறக்கிவிடுங்கள்.

பழகுவதற்கு முதல் மூன்று பேட்டரிகளை ஒதுக்குங்கள். இடது குச்சி ஏற்றி இறக்கவும் முகம் திருப்பவும். வலது குச்சி நான்கு பக்கம் நகர்த்தவும். டிரோன் உங்களை நோக்கி முகம் காட்டும்போது இடம் வலமாக மாறும். புதியவர்கள் மோதுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பேட்டரி முழுவதையும் அந்த எதிர்முக ஓட்டத்திற்கே செலவிடுங்கள். தடை உணர்வியை நம்பிப் பழகாதீர்கள். மெல்லிய கம்பி, பட்டக் கயிறு, இலையில்லாத கிளை ஆகியவை அதற்குத் தெரியாது. இருட்டிலும் தெரியாது. வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் முறையில் அந்த வசதியே அணைந்துவிடும்.

வீடு திரும்பும் உயரம்

இந்தக் கருவியில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் கவனமாக வைக்க நேரம் இருக்கிறது என்றால், அது இதுதான். சிக்னல் அறுந்தாலும் பேட்டரி தாழ்ந்தாலும் டிரோன் தானாகத் திரும்பும். திரும்பும் உயரத்தை நீங்களே முன்குறித்து வைக்கும் முறையில் 50 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால், நீங்கள் வைத்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் வரும். பக்கத்தில் இருந்தால் ஏறாது. இருந்த உயரத்திலேயே வரும். கட்டடத்துக்குப் பின்னால் 30 மீட்டர் தூரத்தில் தாழப் பறக்கவிட்டு சிக்னல் இழந்தவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுற்றியுள்ள மிக உயரமான தடையைவிட 15 முதல் 20 மீட்டர் கூடுதலாக வையுங்கள். ஆனால் அந்த உயரம் டிரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. அடியில் இருக்கும் தரையிலிருந்து அல்ல. பாலிக் புலாவ் சரிவுகளில் இது ஆளைக் கவிழ்க்கும். அடிவாரத்தில் நின்று டுரியான் தோட்டத்தின் மேல்பக்கம் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பாகைச் சரிவில் 100 மீட்டர் உள்ளே போனால் தரை 36 மீட்டர் ஏறியிருக்கும். அதன்மேல் 25 மீட்டர் மரம். திரையில் 60 மீட்டர் என்று தெரியும்போது டிரோன் கிளைக்குள் இருக்கும். சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கத்தில் நின்று கீழ்நோக்கிப் பறக்கவிடுங்கள். அப்போதும் கீழே தரை இறங்க இறங்க 120 மீட்டர் வரம்பைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகரத்தில் சிக்கல் வேறு. கொம்தார் கட்டடம் 68 மாடி. சட்டம் தரும் 120 மீட்டரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரம். அப்படி ஒரு கட்டடம் உங்களுக்கும் டிரோனுக்கும் நடுவில் வந்தால் எந்த உயரம் வைத்தாலும் தாண்டாது. எனவே டிரோனுக்கும் உங்களுக்கும் இடையே கட்டடம் வராதபடி நிற்பதுதான் வழி.

காற்றையும் இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கர்னி டிரைவ் கடற்கரையில் பிற்பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கடலுக்குள் போவது கடினம், திரும்புவது எளிது. தவறு செய்தாலும் பிழைக்கலாம். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். டிரோன் சொகுசாகப் போய்விடும், திரும்பும்போதுதான் திணறும். சாதாரண முறையில் வினாடிக்கு 12 மீட்டர் போகும் டிரோன், 8 மீட்டர் எதிர்காற்றில் 4 மீட்டராகிவிடும். 600 மீட்டர் திரும்ப இரண்டரை நிமிடம். ஸ்போர்ட் முறையில் பாதி நேரம், ஆனால் பேட்டரி வேகமாக இறங்கும். இது தாங்கும் காற்று வினாடிக்கு 10.7 மீட்டர், தென்மேற்குப் பருவத்தில் அதிகாலையில் வரும் சுமத்ராக் காற்று அதை எளிதாக மீறும். மேற்கு வானம் கறுத்தால் எடுத்த படம் போதும், இறக்குங்கள். இந்த டிரோன் மழையில் பறக்கச் செய்யப்பட்டதல்ல.

தண்ணீருக்கு மேல் மூன்று மீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள். கீழ்நோக்கும் சென்சார் அலையைத் தரை என்று எண்ணி அதைப் பின்தொடரப் பார்க்கும்.

கோபுரமும் கூரையும்

டிரோனின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். திருப்பணிக்கு முன் ராஜகோபுரத்தில் எங்கே விரிசல், எந்தச் சுதைச் சிற்பத்தின் கை உடைந்திருக்கிறது என்று பார்க்க முன்பெல்லாம் சாரம் கட்ட வேண்டும். இப்போது சாரம் கட்டும் முன்பே, ஆலய நிர்வாகமும் ஸ்தபதியும் உட்கார்ந்து படத்தைப் பார்த்து மதிப்பீடு போடலாம்.

சுவரிலிருந்து 6 மீட்டர் தூரம் வையுங்கள். அங்கிருந்து ஒரு படத்தில் 8.4 மீட்டர் அகலம் அடங்கும். 12 மெகாபிக்சலில் படத்தின் ஒரு புள்ளி சுவரில் 2 மில்லிமீட்டர், 48 மெகாபிக்சலில் ஒரு மில்லிமீட்டர். 20 மீட்டர் தள்ளி நின்றால் மயிரிழை விரிசல் எந்தத் தரத்திலும் தெரியாது. எடுக்கும் முறை:

1. வேகத்தை மிகக் குறைக்கும் சினி முறையில் வையுங்கள். தடை வந்தால் 'சுற்றிப் போ' என்பதை மாற்றி 'நில்' என்று வையுங்கள். சுற்றிப் போகவிட்டால், கோபுரத்தின் பக்கவாட்டில் உள்ள மரத்திற்குள் அதுவே நுழைந்துவிடும்.
2. இடிதாங்கிக் கம்பி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தொலைநோக்கியில் பாருங்கள். விளக்குச் சரம் கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சென்சாருக்குத் தெரியாதவை.
3. இரண்டு வினாடிக்கு ஒரு படம் என்று அமைத்து, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நேராக மேலே ஏற்றுங்கள். உச்சியில் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, அதே வேகத்தில் இறக்குங்கள். படங்கள் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும், எதுவும் விட்டுப்போகாது.
4. சந்தேகமான இடத்தில் நிறுத்தி, 48 மெகாபிக்சலில் ஒரு படம். கொடுங்கையின் (வெளியே நீண்டு வளைந்த விளிம்பின்) அடிப்பக்கத்தைக் கேமராவை மேல்நோக்கி நிமிர்த்தி எடுங்கள். நீர் கசிந்த கறை அங்கேதான் முதலில் தெரியும்.

15 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம் உள்ள கோபுரத்துக்கு ஒரு பக்கத்திற்கு சுமார் 30 படம்; நான்கு பக்கமும் ஒரு பேட்டரியில் முடியும். கிழக்கு முகத்தைக் காலையிலும் மேற்கு முகத்தைப் பிற்பகலிலும் எடுங்கள். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் சிற்பங்கள் கறுத்துப்போகும்; கேமராவின் வெளிச்ச அளவை +0.7-க்குக் கூட்டுங்கள். ஷட்டர் 1/500-க்குக் குறைய வேண்டாம். படங்களை 'கிழக்கு, நிலை 3, இடம்' என்று பெயரிட்டுக் கொடுத்தால் ஸ்தபதிக்குப் பயன்படும். நூறு படத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளினால் தரமும் குறையும், எது எங்கே என்றும் தெரியாது. பருந்தோ காகமோ துரத்தினால் பக்கவாட்டில் ஓடாமல் நேராக மேலே ஏற்றுங்கள்.

வீட்டுக் கூரைக்கும் இதே முறைதான், கூரைக்கு மேலே 8 மீட்டர் உயரத்திலிருந்து. சமதளச் சிமெண்டுக் கூரை என்றால் மழை நின்று இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள். மற்ற இடம் காய்ந்திருக்க, எங்கே கறுப்பாக நிற்கிறதோ அங்கே தண்ணீர் தேங்குகிறது. பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் துணி உலர்த்தும் இடத்தின்மேல் கேமரா நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

செம்பனையும் டுரியானும்

செபராங் பிறை தெற்கில் சிறு செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவருக்கு டிரோன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லும்: எத்தனை மரம் நிற்கிறது, எங்கே வெற்றிடம், எது நோயுற்றிருக்கிறது. 9 மீட்டர் முக்கோண நடவில் ஒரு ஹெக்டருக்கு சுமார் 143 மரம் இருக்க வேண்டும். படத்தில் எண்ணினால் குறைவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கேமரா நேர் கீழே, உயரம் 60 மீட்டர், வேகம் வினாடிக்கு 4 மீட்டர், 3 வினாடிக்கு ஒரு படம், வரிசைக்கு வரிசை 25 மீட்டர் இடைவெளி. ஒரு படம் 84-க்கு 63 மீட்டர் நிலத்தைப் பிடிக்கும். ஒரு புள்ளி 2 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் ஹெக்டருக்கு சுமார் 50 படம், பேட்டரிக்கு 4 ஹெக்டர் நிதானமாக முடியும். வழிப்புள்ளிகளைச் செயலியில் சேமித்துவைத்தால் மூன்று மாதம் கழித்து அதே பாதையில் மறுபடி எடுத்து ஒப்பிடலாம். படங்களை வெப்ஓடிஎம் என்ற இலவச மென்பொருளில் ஒட்டி ஒரே வரைபடமாக்கலாம். மட்டை ஆடும் காற்றில் எடுத்தால் ஒட்டாது, ஓட்டை ஓட்டையாக வரும். காற்று எழும் முன் எடுத்துவிட வேண்டும். மெல்லிய மேகம் மூடிய காலை மிக நல்லது, நிழல் விழாது.

படத்தில் கீழ்மட்டைகள் ஆரஞ்சாகத் தெரிந்தால் மக்னீசியக் குறைவாக இருக்கலாம். குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல் பல நிற்பதும், கீழ்மட்டைகள் பாவாடைபோல் தொங்குவதும், தலை சிறுத்துத் தெரிவதும் கனோடெர்மா அடித்தண்டு அழுகலின் அடையாளம். டிரோன் காட்டுவது சந்தேகத்தை மட்டும்தான். மரத்தின் அடியில் போய் காளான் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லைத் தகராறுக்கும் இந்த வரைபடம் செல்லாது. படத்தில் பதியும் இடக்குறி சில மீட்டர் பிசகும்; அதற்கு உரிமம் பெற்ற நில அளவையர் வேண்டும்.

காணொளிக்குச் சில வரிகள்

4கே, நொடிக்கு 30 சட்டகம், ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 100. லென்ஸ் திறப்பு மாறாது என்பதால் வெயிலுக்கு ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை: மேகமூட்டத்திற்கும் காலைக்கும் என்டி16, நல்ல வெயிலுக்கு என்டி64. வெண்சமநிலையை 5,600 கெல்வினில் நிறுத்திவையுங்கள், தானாக விட்டால் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும்போது நிறம் பாதியில் மாறும். வண்ணத் திருத்தம் செய்யத் தெரியாவிட்டால், பிறகு திருத்துவதற்கென்றே வெளிறிய நிறத்தில் பதியும் டி-லாக் எம் முறை வேண்டாம். சாதாரண முறையே அழகாக வரும். ஆளைப் பின்தொடரும் வசதியைத் திறந்த மைதானத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். பின்னோக்கிப் பறக்கும் தானியங்கிக் காட்சிகளுக்குப் பின்னால் 40 மீட்டர் வெற்றிடம் இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள்.

இறக்கிய பிறகு

பேட்டரி 25 விழுக்காட்டுக்கு இறங்கியதும் திரும்புங்கள். சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல், கையில் தொட்டால் குளிர்ந்திருக்கும்வரை விடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை ஒருநாளும் வைக்கக்கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் பறக்கவிடப் போவதில்லை என்றால் 40 முதல் 60 விழுக்காட்டில் வையுங்கள். தட்டையான மேசையில் வைத்து லேசாகத் தள்ளும்போது பேட்டரி ஆடினால் வயிறு உப்பியிருக்கிறது. அது இனி டிரோனுக்குள் போகக்கூடாது. குப்பையிலும் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பறக்கவிட்டால் உப்பு எங்கும் ஒட்டியிருக்கும். லேசாக ஈரமாக்கிய துணியால் உடலையும் இறக்கையையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, மோட்டாரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி வழுக்க வேண்டும். ஒன்று மட்டும் கரகரத்தால் உள்ளே மணல். ஊதும் பந்தால் காற்றடித்து, மறுபடி சுழற்றிப் பார்த்து, கரகரப்பு போகாவிட்டால் மோட்டாரை மாற்றும்வரை ஏற்றாதீர்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள்.